ஒரு முழப் பெட்டி

பெட்டி இறங்கும்போது நான்கு பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மேசையின் மேல் அவர்கள் ஏழு மாதமாகச் செய்த ரோபோ. அதன் மேல், கோழிக்குஞ்சுக்குப் பஞ்சாரம் கவிழ்ப்பது போல, 'சைசிங் பாக்ஸ்' என்கிற தெளிந்த அக்ரிலிக் பெட்டி ஒன்றை இரண்டு தன்னார்வலர்கள் மெல்லக் கவிழ்த்தார்கள். பெட்டியின் உள்ளளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் 18 அங்குலம். நம் பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தை இழுத்து அளக்கிறாரே, ஏறக்குறைய அந்த ஒரு முழம். முக்கால் பங்கு தடையில்லாமல் இறங்கிய பெட்டி ஓரிடத்தில் 'டிக்' என்று தட்டி நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினால் இறங்கிவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அழுத்தக் கூடாது. பெட்டியைத் தள்ளாமல் ரோபோ அதற்குள் அடங்க வேண்டும் என்பது விதி.

"போல்ட் தலை, பெரியப்பா" என்றாள் என் தம்பி மகள். முகம் வெளுத்திருந்தது.

நான் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கின் ஃபிட்டிங் பட்டறையில் 27 ஆண்டு பாடம் நடத்தியவன். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கேஜ் ஞாபகம் வந்தது. துளையைச் சோதிக்கிற கேஜில் 'கோ', 'நோ கோ' என்று இரண்டு முனை இருக்கும். 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும், 'நோ கோ' முனை போகக் கூடாது. எண் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. போகிறதா, போகவில்லையா, அவ்வளவுதான் கேள்வி. ஓட, தூக்க, நீட்டத் தெரிந்த ஓர் இயந்திரம் முழுவதையும் அப்படி ஒரு கேஜுக்குள் விட்டுப் பார்ப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

அது 2025 ஏப்ரல் 16, புதன்கிழமை. இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம், ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையம். வெள்ளைச் சுவர்களும் சிவப்பு, நீல நிறக் குழாய்களுமாக, துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பல் போல நிற்கிற கட்டடம். எதிரே டிஸ்கவரி கிரீன் பூங்கா. வெளியே ஏப்ரல் மாதத்திலேயே புழுக்கம். உள்ளே போனால் ஊர்த் திருவிழா. 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பு நடத்தும் உலக இறுதிப் போட்டி நான்கு நாள் அங்கே நடந்தது. செக்வே வண்டியைக் கண்டுபிடித்த டீன் கேமன் 1989-இல் தொடங்கிய அமைப்பு இது. 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. 2025-இல் ஹூஸ்டனுக்கு, பெரிய ரோபோப் பிரிவில் மட்டும் ஏறக்குறைய 600 அணிகள் வந்திருந்தன.

வாசலிலேயே பாதுகாப்புக் கண்ணாடி மாட்டச் சொன்னார்கள். அது இல்லாமல் 'பிட்' என்கிற பட்டறைப் பகுதிக்குள் கால் வைக்க முடியாது. பெரிய பிரிவில் ஒவ்வோர் அணிக்கும் பத்தடிக்குப் பத்தடி இடம். அதற்குள் வைஸ், ட்ரில், பேட்டரி சார்ஜர், கருவிப் பெட்டி, நடுவில் ரோபோ. பொள்ளாச்சிச் சந்தையில் மாடு ஓட்டி வருகிறவர் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுப்பாரே, அதே தொனியில் "ரோபோ, ரோபோ" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் தள்ளுவண்டியில் இயந்திரங்களைக் கொண்டுபோகிறார்கள். இஸ்ரேல், துருக்கி, பிரேசில், சீனா, ஆஸ்திரேலியா என்று வழியெல்லாம் கொடிகள். எதிரில் வருகிற முகம் தெரியாத பிள்ளை நம் சட்டையில் தன் அணியின் பேட்ஜைக் குத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறது. அப்படி ஒரு வேடிக்கையை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

என் தம்பி மகளின் அணி சிறிய பிரிவைச் சேர்ந்தது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்று பெயர். 12 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் ஆடலாம். ஆடுகளம் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ அந்த ஒரு முழப் பெட்டிக்குள் அடங்கியிருக்க வேண்டும். தொடங்கியபின் விரியலாம். அதற்கும் எல்லை உண்டு. அந்த ஆண்டு விதிப்படி, மேலிருந்து பார்த்தால் ரோபோ எப்போதும் 20-க்கு 42 அங்குலச் செவ்வகத்துக்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு மட்டும் தடை இல்லை.

போல்ட்டுக்கு வருகிறேன். முந்தின நாள் பழகும்போது ஒரு பக்கத் தகடு வளைந்துவிட்டது. இரவோடு இரவாக மாற்றுத் தகடு மாட்டியிருக்கிறார்கள். பழைய தகட்டில் இருந்தவை பட்டன் தலை போல்ட்டுகள். அவசரத்தில் கைக்குக் கிடைத்தவை உருளைத் தலை ஆலன் போல்ட்டுகள். எம்-4 அளவில் உருளைத் தலையின் உயரம் 4 மில்லிமீட்டர், பட்டன் தலையின் உயரம் 2.2. வித்தியாசம் 1.8 மில்லிமீட்டர். ஏழு மாத உழைப்பு அந்த 1.8 மில்லிமீட்டரில் தட்டி நின்றது.

இன்னொரு பிள்ளையின் அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் கருவிப் பெட்டிக்குக் கை நீட்டினோம். எனக்கு அரம்தான் கண்ணில் பட்டது. தலையை இரண்டு நிமிடம் ராவினால் வேலை முடிந்தது. என் தம்பி மகள் என் மணிக்கட்டைத் தொட்டாள். "நாங்க பாத்துக்கிறோம் பெரியப்பா." கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கையை எடுத்துக்கொண்டேன். அவள் அடுத்தடுத்த பிட்டுகளுக்கு ஓடினாள். மூன்றாவது பிட்டில் மெக்சிகோவிலிருந்து வந்த அணி. மறுநாள் எதிரணியாகவே நிற்கக்கூடியவர்கள். அவர்கள் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து நான்கு பட்டன் தலை போல்ட்டுகளை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். ஒன்று தொலைந்தால் வேண்டுமே என்று ஐந்தாவதாக ஒன்றையும் வைத்தார்கள். இந்தப் பண்பை வளர்த்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ். களத்தில் முழு பலத்தோடு மோது, களத்துக்கு வெளியே எதிராளிக்குக் கைகொடு என்பது அவர் இந்தப் போட்டிக்கு வைத்துவிட்டுப் போன வழக்கம். அவர் 2019-இல் காலமானார்.

மேசைக்குத் திரும்பி ஆலன் கீயால் நான்கையும் மாற்றினார்கள். கடைசி போல்ட்டை முடுக்கும்போது அந்தச் சின்ன விரல்கள் நடுங்கின. பெட்டி மறுபடி இறங்கியது. இந்த முறை சத்தம் இல்லை. அடிவரை இறங்கி மேசையில் உட்கார்ந்தது. போல்ட் தலைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி. குனிந்து அந்தக் கீற்றின் வழியே வெளிச்சம் தெரிவதைப் பார்த்தேன். பட்டறையில் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சக் கீற்றைப் பார்க்கச் சொல்லி எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன். ஒருமுறையும் எனக்கு இப்படிக் கண்ணீர் வந்ததில்லை.

மறுநாள் பெரிய ரோபோக்களைப் பார்க்கப் போனேன். இங்கே களம் ஏறக்குறைய 57 அடி நீளம், 26 அடி அகலம். மூன்று ரோபோக்கள் ஓர் அணிக்கூட்டு, எதிரே மூன்று. ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். முதல் 15 விநாடி மனிதக் கை படாமல் ரோபோ தானே ஓட வேண்டும். அந்த ஆண்டு ஆட்டத்தின் பெயர் ரீஃப்ஸ்கேப், பவளப் பாறை. களத்தில் அறுகோண வடிவில் ஒரு பாறை, அதில் மூன்று மட்டங்களில் கிளைகள். நாலங்குல விட்டம், ஓரடி நீளம் உள்ள வெள்ளை பி.வி.சி. குழாய்தான் பவளம். அதை எடுத்துக் கிளையில் செருக வேண்டும். உச்சிக் கிளை தரையிலிருந்து 72 அங்குலம், ஆறடி. ரோபோ தொடங்கும்போது உயரம் 42 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சட்டத்தின் சுற்றளவு 120 அங்குலம். எடை, பேட்டரியும் பம்பரும் நீங்கலாக 115 பவுண்டு, நம் கணக்கில் 52 கிலோ. பக்கவாட்டில் சட்டத்தைத் தாண்டி நீட்டலாம், 18 அங்குலம் வரை. அங்கேயும் அதே ஒரு முழம்.

மூன்றரை அடிக்குள் ஒடுங்கி நிற்கிற உடம்பு ஆறடி உயரத்தில் கை வைக்க வேண்டும். பிள்ளைகள் கண்ட வழி எலிவேட்டர். தீப்பெட்டிக்குள் தீப்பெட்டி செருகினது போல அலுமினியச் சட்டத்துக்குள் சட்டம், அதற்குள் இன்னொரு சட்டம். ஒரு பிட்டில் அதைத் திறந்து போட்டிருந்தார்கள். அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மோட்டார் முதல் சட்டத்தை மட்டும்தான் தூக்குகிறது. அதன் உச்சியில் ஒரு சிறிய கப்பி. கப்பியின் மேலாக ஒரு கயிறு போகிறது. ஒரு முனை அசையாத அடிச்சட்டத்தில், மறுமுனை உள்சட்டத்தில். முதல் சட்டம் ஓரடி ஏறினால் உள்சட்டம் தரையிலிருந்து இரண்டடி ஏறிவிடும். கிணற்றடியில் ராட்டினம் பார்த்து வளர்ந்தவனுக்குக் கணக்கு உடனே விளங்கியது. ஆனால் அதை ஒரு விநாடிக்குள், குலுங்காமல், சட்டங்கள் ஒன்றோடொன்று உரசாமல் ஏற்றி நிறுத்துவது வேறு வித்தை. சட்டங்களுக்கு இடையே பேரிங்குகளை எப்படிப் பதித்திருக்கிறார்கள் என்று ஒரு பதினாறு வயதுப் பையன் எனக்குக் காட்டினான். தகடுகளில் எல்லாம் சல்லடை போல வட்டத் துளைகள். எடைக்காகப் போட்டவை. எந்த இடத்தில் உலோகம் வேலை செய்கிறது, எந்த இடத்தில் சும்மா இருக்கிறது என்று தெரிந்தால்தான் அப்படித் துளை போட முடியும். எங்கள் பட்டறையில் இதைப் படம் வரைந்து சொல்லிக்கொடுக்க ஒரு பருவம் ஆகும். இவர்களுக்கு ஒரு தராசு சொல்லிக்கொடுத்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் என் எதிரே நரைத்த தலையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்தார். ரோபோக்களைச் சோதித்து ஒப்புதல் ஒட்டுகிற தன்னார்வலர். இந்த அளவுக் கணக்கெல்லாம் எதற்கு, இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று கேட்டேன். முதலில் நடைமுறைப் பதிலே சொன்னார். பள்ளிக்கூடத்துக் கதவைத் தாண்ட வேண்டும், வேனில் ஏற வேண்டும், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து தூக்க வேண்டும். அப்புறம் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உண்மையான பதிலைத் தொடங்கினார்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புது ஆட்டத்தை அறிவிக்கும்போது அணிகள் முதலில் தேடுவது இந்த எண்களைத்தானாம். எண் மாறினால் ரோபோவின் உடம்பே மாறிவிடும் என்றார். 2023-இல் சட்டத்தைத் தாண்டி நான்கடி நீட்டலாம் என்றார்கள். ஆழமான தட்டுகளில் கூம்பும் கனசதுரமும் கொண்டுபோய் வைக்க வேண்டிய ஆட்டம் அது. திரும்பிய பக்கமெல்லாம் நீண்ட கைகள். 2024-இல் அந்த நான்கடி ஓரடியாகச் சுருங்கியது, உயரமும் நான்கடிக்குள். கை நீட்டி வைக்க வழி இல்லை. எனவே நுரை வளையங்களை எறிகிற இயந்திரங்கள் பிறந்தன. 2025-இல் பக்கவாட்டில் ஒன்றரை அடி, மேலே தடை இல்லை. எல்லோரும் எலிவேட்டருக்கு வந்துவிட்டார்கள். மூன்று ஆண்டில் மூன்று வேறு இனம். முந்தின ஆண்டு ஜெயித்த இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு யாரும் வர முடியாது. பணக்காரப் பள்ளியும் ஏழைப் பள்ளியும் ஜனவரியில் வெறும் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"எல்லையே இல்லாமல் ஒரு முறையாவது விட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

விட்டிருக்கிறார்கள். 2015, ரீசைக்கிள் ரஷ் என்ற ஆட்டம். களத்துக்குக் கொண்டுவரும்போது மட்டும் 28-க்கு 42-க்கு 78 அங்குலத்துக்குள் இருந்தால் போதும். உள்ளே போனபின் எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம். இரு தரப்புக்கும் பொதுவாகக் களத்தின் நடுமேட்டில் நான்கு குப்பைத் தொட்டிகள். அவற்றை யார் முதலில் இழுக்கிறார்களோ அவர்கள் கை ஓங்கும். உச்சநிலை அணிகளில் என்ன நடந்தது? மணி அடித்த மறுகணம் வில்லிலிருந்து அம்பு போவது போல மெல்லிய கைகள் பாய்ந்து தொட்டிகளைப் பிடித்தன. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பல ஆட்டங்களின் முடிவு தெரிந்துவிட்டது. அதைச் செய்த பிள்ளைகளின் திறமை அபாரம் என்றார் அந்த அம்மாள். ஆனால் மீதி இரண்டு நிமிடச் சொச்சத்துக்கு உயிர் போய்விட்டது. அடுத்த ஆண்டு நீட்டும் அளவு 15 அங்குலத்துக்கு வந்தது.

அவர் சொன்னதன் முழுப் பொருள் எனக்கு விளங்கியது வெள்ளிக்கிழமை, எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தில்தான்.

சிறிய பிரிவில் அந்த ஆண்டு களத்தின் நடுவே நீர்மூழ்கி என்று ஒரு சட்டக்கூடு. அதற்குள் சிவப்பு, நீலம், மஞ்சள் நிறக் கட்டைகள் இறைந்து கிடக்கும். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரோபோ கை விட்டு எடுக்கிறது, எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று. எங்கள் ரோபோ சறுக்குக் கையை நீட்டியது. மஞ்சள் கட்டைக்கு நான்கு விரல்கடை இருக்கும்போது கை நின்றுவிட்டது. பழுதோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கை பின்வாங்கியது. ரோபோ சக்கரங்களை நகர்த்திச் சுற்றிப் போய், வேறு கோணத்தில் வந்து, அதே கட்டையை எடுத்து, தலைக்கு மேல் இருந்த கூடையில் போட்டது. நாலைந்து விநாடி வீணாகியிருக்கும்.

ஆட்டம் முடிந்து வந்ததும் கேட்டேன். "ஏன் கண்ணு, இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா எட்டியிருக்குமே?"

"எட்டும் பெரியப்பா. எட்டக் கூடாது. நாங்கதான் புரோகிராம்ல லிமிட் போட்டிருக்கோம். நாப்பத்திரண்டு இன்ச் வர்றதுக்கு முன்னாடியே மோட்டார் நின்னுடும்."

அவர்கள் செய்த கையில் இன்னும் நீளம் இருந்தது. அதை நிறுத்தும் கட்டளையையும் அவர்களே எழுதியிருந்தார்கள். நடுவர் கண்ணில் படாமல் ஓர் அங்குலம் திருட முடியுமா என்று அந்த நான்கு பிள்ளைகளில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எதிர்ப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கும் அதே கூட்டுக்குள் கை விட இடம் வேண்டும். இரண்டு நீளக் கைகள் உள்ளே பின்னிக்கொண்டால் இரண்டும் உடையும். 42 அங்குலம் என்பது எதிராளியின் இடத்தை அளந்து ஒதுக்கி வைத்த எண் என்று அப்போதுதான் புரிந்தது.

போட்டி முடிந்த மறுநாள் தம்பி ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டனுக்கு அழைத்துப்போனான். படுக்க வைத்திருக்கும் 363 அடி சாட்டர்ன் ராக்கெட்டைப் பார்த்தோம். இண்டிபெண்டன்ஸ் என்று பெயரிட்ட விண்ணோட மாதிரி ஒன்று ஜம்போ விமானத்தின் முதுகில் ஏறி நிற்கிறது. உள்ளேயே போய்ப் பார்க்கலாம். உண்மையான விண்ணோடத்தின் சரக்கறை 60 அடி நீளம், 15 அடி அகலம். அதில் போகிற எதுவாக இருந்தாலும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். கனடா செய்து கொடுத்த 50 அடி ரோபோக் கை அந்த அறையின் ஓரத்தில் நீளவாக்கில் படுத்தபடிதான் விண்வெளிக்குப் போனது. பூமியில் அது தன் எடையையே தூக்க முடியாது. எடையற்ற இடத்தில்தான் வேலை செய்யும்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியையும் 2017-இல் இதே ஹூஸ்டனில், ஜான்சன் விண்வெளி மையத்தின் பெருங்கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஹார்வி புயல் நகரத்தை மூழ்கடித்த நாட்களிலும் அந்தச் சோதனை நிற்கவில்லை. அதன் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம். ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் மூக்கு 5.4 மீட்டர். எனவே 18 அறுகோணத் துண்டுகளாகச் செய்து, இரண்டு பக்கமும் மும்மூன்று துண்டுகளை மடித்து வைத்து அனுப்பினார்கள். மேலே போனபின் விரிந்தது. தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது அவள் விண்ணோடத்தை அண்ணாந்து பார்த்தபடி, "அவங்களுக்கும் சைசிங் பாக்ஸ் இருந்திருக்கு" என்றாள்.

அவர்கள் அணி கோப்பை வாங்கவில்லை. தகுதிச் சுற்றோடு நின்றுவிட்டது. அதற்காக அவள் ஓர் இரவு அழுதாள், காலையில் அடுத்த ஆண்டுக்கான நோட்டைத் திறந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியபின் இரண்டு மூன்று பள்ளிகளில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் தலைமையாசிரியர்கள் கேட்ட முதல் கேள்வி, ரோபோ கிட் என்ன விலை, எங்கே வாங்குவது. நான் சொல்கிற பதில் இதுதான்: கிட் பிறகு வாங்கலாம். முதலில் பெட்டியைச் செய்யுங்கள். கடையில் அட்டையும் குச்சியும் பழைய பொம்மை மோட்டாரும் கிடைக்கும், அவற்றை வைத்துப் பிள்ளைகள் எதையாவது கட்டட்டும். கட்டியதன் மேல் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். தட்டினால் நீங்கள் அரத்தை எடுக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். பெட்டிக்கு வேண்டியது ஒரு பிளைவுட் பலகை, ஒரு கைப்பிடி அளவு ஆணி, மூலைமட்டம். நான்கு பக்கம், ஒரு மூடி, அடி திறந்திருக்கட்டும். 18 அங்குலம் உள்ளளவு. பலகையின் கனத்தை அதற்கு வெளியே கணக்கிட்டு அறுங்கள்.